யாரும் பார்க்க மாட்டோம் என்று சொன்ன வீடியோ

செப்டம்பர் 9, 2025, செவ்வாய். ஷார்ஜா

சமையலறை அலமாரியின் கதவு கழன்று விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. அதைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். மிளகாய்த்தூள் வேண்டுமென்றால் கதவை நகர்த்தி எடுத்துவிட்டு மறுபடி சாய்த்து வைக்க வேண்டும். "இந்த வாரக் கடைசியில பாத்துடறேன்" என்று நான் சொல்லும்போதெல்லாம் ஷியாமளா என்னைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்க்கிறாள். இன்று அவளே துபாய் அல் கூஸில் இருக்கும் ஒரு மரவேலைப் பட்டறைக்குப் போன் போட்டு ஆளை வரவழைத்துவிட்டாள்.

வந்தவர் பெயர் கார்மேகம். முதுகுளத்தூர் பக்கம். ஷியாமளா போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் கதவை மாட்டிவிட்டார். நான் இன்று வீட்டிலிருந்து வேலை. அதாவது ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, என் லேப்டாப்பில் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், ஒரே படத்தத் துண்டு துண்டா அறுத்துப் போட்டுருக்கீக?" என்றார்.

என்னிடம் யாராவது தையலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும். உடைந்துபோன வீடியோ ஃபைல்களைச் சரிசெய்யும் புரோகிராம், பெயர் தையல், நான்தான் பெயர் வைத்தேன், உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், போலந்தில் பியோட்டர், பிரேசிலில் ரஃபேல், இங்கே நான், மூன்று பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"சம்பளம் எப்படி சார்?"

"சம்பளமெல்லாம் கிடையாது."

அவர் ஷியாமளாவைப் பார்த்தார். ஷியாமளா தலையை மட்டும் ஆட்டினாள். அந்த இரண்டு பேருக்கும் அந்த நொடியில் ஏதோ ஒப்பந்தம் ஆகிவிட்டது.

டிரில் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஒடஞ்ச வீடியோ எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார்."

போன லீவில் மகளுக்குக் காது குத்து. குலசாமி கோயிலில். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க, இவர் போனில் வீடியோ எடுத்திருக்கிறார். பாதியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. மறுநாள் விமானம். போனை மனைவி கனகாவிடம் கொடுத்துவிட்டு மெமரி கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே வந்து புதுப் போனில் போட்டால் ஃபைல் இருக்கிறது, ஓடவில்லை. ரோலா கடைத்தெருவில் எந்தக் கடைக்காரனாலும் முடியவில்லை.

"நவம்பர்ல விசா முடியுது சார். மறுபடி ரெண்டு வருசம் போடுறதுக்கு இந்த மாசம் போயி அடுத்த மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துக் கேக்குறாக. வேல கூடிப்போச்சாம், கையெழுத்துப் போட்டாலும் லீவு இப்ப கெடையாதாம். அதான், அந்த வீடியோவாச்சும் இருந்தா ஓட்டிருவேன்."

"ஒரு வாரத்துல தரேன்" என்றேன்.

செப்டம்பர் 10

ஒரு வாரம் என்று ஏன் சொன்னேன்? யார் கேட்டார்கள்?

செப்டம்பர் 13, சனி

ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன, குரல்களும் இருக்கின்றன. இல்லாதது பொருளடக்கம் மட்டும். எந்தப் படம் எங்கே ஆரம்பிக்கிறது, எந்தச் சத்தம் எதனோடு போகிறது என்ற பட்டியலைப் போன் கடைசியில்தான் எழுதும். நிறுத்துகிற பொத்தானை அழுத்தும்போது. சார்ஜ் போய் அணைந்தால் எழுதாது. ஆயிரம் பக்கப் புத்தகத்தின் தையல் பிரிந்து, பக்க எண்ணும் இல்லாமல் தரையில் கிடக்கிற மாதிரி.

தையலின் வேலை அந்தப் பட்டியலை மறுபடி எழுதுவது. அதற்கு அதே போனில் எடுத்த, நன்றாக ஓடுகிற இன்னொரு வீடியோ வேண்டும். அதைப் பார்த்துத்தான் இந்தப் போன் எப்படி எழுதும் என்று புரோகிராம் கற்றுக்கொள்ளும். நாங்கள் இதை சாம்பிள் என்போம்.

போன் கனகாவிடம். கார்மேகத்திடம் நம்பர் வாங்கி, அந்தப் போனில் எடுத்த ஏதாவது ஒரு வீடியோ அனுப்பச் சொன்னேன். உடனே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. பாப்பா தோசை தின்கிறாள்.

இன்று சாயங்காலமே முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 16

முடியவில்லை. எல்லாம் பச்சை. பூசாரியின் தலை தனியாக மிதக்கிறது.

செப்டம்பர் 17

கார்மேகத்துக்குச் சொன்ன வாரம் முடிந்தது. "இன்னும் கொஞ்சம் டைம்" என்று செய்தி அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! தப்பு என்மேல் இல்லை. அந்தப் போனைச் செய்தவர்கள்மேல். வீடியோவை எழுத வேண்டிய முறை ஒன்று இருக்க, அவர்கள் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள். உடைந்த ஃபைல் ஒரு மாதிரி இருக்கிறது, அதே போனில் எடுத்த நல்ல ஃபைல் வேறு மாதிரி இருக்கிறது. ஒரே போன் காலையில் ஒன்று பேசி மாலையில் ஒன்று பேசுமா?

தையலின் பக்கத்தில் இதைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். படங்கள், அட்டவணை, அம்புக்குறி எல்லாம் வைத்து. கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன். கடைசி வரியில் 'பொறுப்பின்மை' என்ற சொல் இருக்கிறது. பியோட்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ரஃபேல், இதை மாநாட்டில் வாசிக்கலாம் என்றார். மஹதியிடம் காட்டினேன். பத்தாவது படிக்கிறாள், ஆங்கிலத்தில்தான் பேசுவாள். "கூல், அப்பா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

காலையில் இத்திஹாத் சாலையில் வண்டி வழக்கம்போல ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் ஷியாமளா. அவள் தங்கை வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், மண்டபத்தின் பெயர் தெரியவில்லை.

"வாட்ஸ்அப்ல வந்தா அப்படித்தான் இருக்கும். அது எல்லாத்தையும் நசுக்கி, தன் இஷ்டத்துக்கு மாத்தி எழுதித்தான் அனுப்பும். ஒரிஜினல் வேணும்னா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லணும்" என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன்.

விளக்கிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

பாப்பா தோசை தின்கிற வீடியோ. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. போன் எழுதிய ஒரு எழுத்துகூட அதில் மிச்சமில்லை. நான் இத்தனை நாளாக ஆராய்ச்சி செய்தது வாட்ஸ்அப்பை.

மடையா. மடையா. ஒன்பது வருஷமா இதத்தானடா பண்ணிட்டிருக்க?

கட்டுரையை எடுத்துவிட்டேன். "சில புதிய தகவல்கள் கிடைத்துள்ளன" என்று மட்டும் எழுதினேன். அமைச்சர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.

செப்டம்பர் 27, சனி

கனகாவுக்குப் போன் செய்தேன். பின்னணியில் அவள் மாமியார் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

படம் கொஞ்சம் சரியாக வர ஆரம்பித்தாலும் சத்தம் போகப் போக விலகும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் நீளமான சாம்பிள் வேண்டும். சத்தமும் விடாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"கனகாம்மா, போன எங்கயாவது சாய்ச்சு வச்சுட்டு ஒரு பத்து நிமிஷம் பேசிட்டே இருங்க. நடுவுல நிறுத்தாதீங்க. அப்புறம் டாக்குமென்ட்டா அனுப்புங்க, அது எப்படின்னு சொல்றேன்."

"பத்து நிமிசமா? என்னத்தச் சார் பேச?"

"எதையாவது பேசுங்க. வாய்ப்பாடுகூடச் சொல்லலாம்."

"அத யாரு சார் பாக்கப் போறாக?"

"யாரும் பார்க்க மாட்டோம். மெஷினுக்குக் கொடுக்கத்தான். அதுக்குத் தமிழெல்லாம் தெரியாது."

சிரித்தாள். "செரி சார். எல்லாரும் கோயிலுக்குப் போனப்பறம் எடுத்து அனுப்புறேன்" என்றாள்.

அக்டோபர் 1

வந்துவிட்டது. டாக்குமென்ட்டாக. தங்கமான சாம்பிள்.

அக்டோபர் 4, சனி

முடிந்தது!!

விடியற்காலையில் உட்கார்ந்தேன். மஹதிக்குப் பரீட்சை, பக்கத்து அறையில் படிக்கிறாள். அதனால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். எனக்குச் சத்தம் காதில் விழவேண்டிய அவசியமே இல்லை. திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கும், அதுதான் சத்தம். கனகா பேசுகிற இடங்களில் குன்று குன்றாக இருக்கிறது. ஏழாவது நிமிடத்தில் ஏதோ மெஷின் ஓடுகிறது, ஒரே சீரான தடித்த பட்டை. சோதனைக்கு அற்புதமான பட்டை.

தப்பு எங்கே இருந்தது என்றால், இந்தப் போன் சத்தத்தைச் சம துண்டுகளாக வெட்டாது. சில நேரம் பெரிய துண்டு, சில நேரம் சின்னது. எங்கள் தையல் எல்லாம் ஒரே அளவு என்று நம்பிக்கொண்டிருந்தது. அளவை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள் என்று சேர்த்தேன். அவ்வளவுதான். இதற்கு ஒரு மாதம்.

காது குத்து வீடியோ முழுதாக ஓடுகிறது. பூசாரிக்குக் கழுத்து வந்துவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம். எந்தப் பிழையைச் சரிசெய்தாலும், எதை வைத்துச் சரிசெய்தோமோ அந்த சாம்பிளையும் பொது ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். நாளைக்கு இன்னொருவன் வந்து அதே இடத்தை மறுபடி உடைத்துவிடாமல் இருக்க. போட்டேன். பெயர்: கனகா-பத்து-நிமிடம். பியோட்டர் "ப்யூட்டிஃபுல்" என்று எழுதினார். இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. ஆபீஸையும் சேர்த்துத்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

கார்மேகம் வந்தார். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் டிவியில் போட்டுக் காட்டினேன். ஆசாரி காதில் கம்பியை வைத்ததும் பாப்பா வீல் என்று கத்தினாள். இவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். மச்சான் முழிப்பதைப் பார்த்து மறுபடி சிரித்தார். ஷியாமளா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"மறுக்கா ஒரு தடவ சார்" என்றார். நான்கு தடவை போட்டேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது போதும் சார். இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிருவேன்."

இன்று நான் நல்ல மனிதன். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லலாம் போலிருந்தது.

அக்டோபர் 11, சனி

தோஹாவிலிருந்து ஒரு செய்தி. முகம்மது சித்தீக் என்று ஒருவர். முன்பின் தெரியாதவர். ஒரு டிவி கம்பெனியில் வேலையாம். இலங்கைத் தமிழ், என்னை அண்ணன் முறையில் நானா என்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"தியாகு நானா, எண்ட ஊர் அக்கரைப்பற்று. உங்கட தையலத்தான் நாங்க வேலைக்குப் பாவிக்கிறம், நல்லம். புதுசா போட்ட சாம்பிள ஹெட்போன் மாட்டிக் கேட்டன். நீங்க அத முழுசாக் கேட்டீங்களா? கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டீங்கண்டு நினைக்கிறன். நான் பாதியில நிப்பாட்டிட்டன். அது எனக்குச் சொன்ன கதை இல்ல."

இப்போதுதான் சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன்.

முதலில் வெட்கப்படுகிறாள். "என்னத்தப் பேச... யாரும் பாக்க மாட்டாகளாம், மெசினுதானாம்." வாய்ப்பாடு சொல்கிறாள். மூன்றாம் வாய்ப்பாட்டில் நிறுத்திவிடுகிறாள். பாப்பா பள்ளிக்கூடத்தில் பல்லை உடைத்துக்கொண்டு வந்த கதை. அப்புறம் கேமராவைப் பார்க்கிறாள்.

"ரெண்டு வருசம்னு சொல்லிட்டுப் போனீக. ஆறு ஆயிருச்சு. இப்ப மறுபடி கையெழுத்துப் போடவாங்குறீக. நான் செரிங்குறேன். என்னண்டு வேணாம்னு சொல்ல? அங்குட்டு ரூம்ல எட்டுப் பேரு கேட்டுக்கிட்டு இருக்காக. இங்குட்டு அத்த. நம்ம ரெண்டு பேரும் பேசி எம்புட்டு நாளாச்சு? சாப்ட்டியா, சாப்ட்டேன். பிள்ள படிக்குதா, படிக்குது. இதுவா பேச்சு? எனக்கு முடியல. புது வீட்டுக்குக் கூர அப்பறம் போட்டுக்கலாம். கையெழுத்துப் போடாதீக. வந்துருங்க. இத ஒங்ககிட்டச் சொல்ல முடியல, இந்த மெசினுகிட்டச் சொல்றேன் பாருங்க."

பிறகு எழுந்து போய் கிரைண்டரைப் போடுகிறாள். அதன் பக்கத்தில் நின்றுகொண்டே, மெதுவாக இன்னும் ஏதோ சொல்கிறாள். கிரைண்டர் சத்தத்தில் அது கேட்கவில்லை. பட்டை. என் அற்புதமான பட்டை.

யாரும் பார்க்க மாட்டோம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். சொல்லிட்டு உலகத்துக்கே எடுத்துப் போட்டிருக்கேன். பேரோட. பேரோட போட்டிருக்கேனே.

அக்டோபர் 12

பொது இடத்தில் போட்ட ஒன்றை எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. ஃபைலை அழித்தால் மட்டும் போதாது, பழைய பிரதிகளுக்குள் அது உட்கார்ந்திருக்கும். வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும். பியோட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை, நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்தார். இறக்கி வைத்திருக்கக்கூடியவர்களுக்கெல்லாம் எழுதி அழிக்கச் சொன்னோம். ரஃபேல் மட்டும் வருத்தப்பட்டார். "என்ன அழகான குரல்! நான் அது சமையல் குறிப்பு என்று நினைத்தேன்."

அக்டோபர் 13, திங்கள்

ஷியாமளாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு பொம்பள பத்து நிமிஷம் பேசியிருக்கா. அத ரெண்டு வாரமா வச்சிருந்திருக்கீங்க. என்ன பேசறான்னு ஒரு தடவகூடத் தோணலையா?"

"வேலை முடியறதுலதான் கவனமா—"

"எனக்குத் தெரியும்" என்றாள். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

கார்மேகத்துக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன். மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் காது குத்து வீடியோவைக் கொடுத்ததால் இன்னும் தெம்பாகப் போடுவார்.

"அது உங்க சொத்தா? அவகிட்டக் கேளுங்க."

அக்டோபர் 14

ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து கனகாவுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். நாற்பத்தாறு வயது ஆம்பளை.

அவள் எழுந்து தள்ளிப் போகும் சத்தம் கேட்டது.

"யாரும் பாக்க மாட்டோம்னு சொன்னீகளே சார்."

"ஆமாம்மா. தப்பு. என் தப்புதான்."

"எத்தன பேரு பாத்துருக்காக?"

"கொஞ்சம் பேர் எடுத்திருக்காங்க. தமிழ் தெரிஞ்சவர் ஒருத்தர்தான். அவர்தான் எடுக்கச் சொல்லி எழுதினார். பாதியில நிறுத்திட்டாராம்."

"அந்தாளு மனுசன்" என்றாள். அப்போது என்னை என்னவென்று நினைத்தாளோ, அதைச் சொல்லவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கோபம். மூச்சு அப்படி வந்தது.

"எங்க வீட்டுக்காரரு பாத்தாரா?"

"இல்ல. உங்களக் கேக்காம நான் எதுவும்—"

"ஊரு ஒலகம் பூராம் பாத்துருக்கு. அவரு மட்டுந்தே பாக்கல."

மாமியார் கூப்பிடும் சத்தம். "வாறேன் அத்த" என்று குரல் கொடுத்தாள். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி: "அனுப்பிவிடுங்க. நாந்தே அனுப்பச் சொன்னேன்னு சொல்லுங்க. நீங்க பண்ணுன காரியத்தயும் நீங்களே சொல்லிருங்க. நாஞ் சொல்ல மாட்டேன்."

அனுப்பினேன். செய்ததையும் மறைக்காமல் எழுதினேன். அவர் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் இல்லை.

அக்டோபர் 17

பதில் இல்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஆபீஸில் லீவு போட்டேன். ஷியாமளா செய்த ஓமப்பொடி. மஹதி புதுச் சுடிதாரில் நாற்பது போட்டோ எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டாள். கார்மேகத்துக்கு வாழ்த்து அனுப்பலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். எந்த முகத்தோடு அனுப்புவது? கடைசியில் அனுப்பவில்லை.

தையல் பக்கத்தில் ஒரு புது விதி சேர்த்திருக்கிறோம். மனிதக் குரல் உள்ள எந்த சாம்பிளையும், அந்த மொழி தெரிந்த ஒருவர் முழுதும் கேட்ட பிறகே, பேசியவரின் சம்மதத்தோடு போட வேண்டும். நான்தான் எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கார்மேகம் கூப்பிட்டார். ரோட்டோரம், லாரிகள் போகும் சத்தம்.

"ஒங்க மேல கோவந்தான் சார். இல்லங்கல. நாலு நா ஒங்க நம்பரப் பாத்தாலே பத்திக்கிட்டு வந்துச்சு."

"நியாயம்தான் கார்மேகம்."

"ரூம்ல பாக்க முடியல. பட்டறைக்குப் போற பஸ்ல, காதுல மாட்டிக்கிட்டுப் பாத்தேன். பக்கத்துல இருந்த பெங்காலி, க்யா ஹுவா பாய், என்னாச்சுன்னு கேட்டுக்கிட்டே வாரான். என்னத்தச் சொல்ல?" லாரி ஒன்று கடந்தது. "ஆறு வருசமா டெய்லி பேசுறேன் சார். அது இப்பிடிப் பேசும்னே எனக்குத் தெரியாது."

விளக்கம் எதுவும் கொடுக்காமல் கேட்டுக்கொண்டேன். ஒருவேளை இந்த மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போட்டுவிட்டால்? கூரையைப் பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவார்? பட்டறையில் இருக்கிற மாதிரி வேலை முதுகுளத்தூரில் எங்கே இருக்கிறது? எனக்கு என்ன, நான் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு வந்துருங்க, போடாதீங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 30, வியாழன்

நாளை கடைசி நாள். சாயங்காலம் நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கார்மேகம் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடவில்லை. கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"சார், ஒரு ஒதவி. அதுல ஒரு எடத்துல கிரைண்டரப் போட்டுட்டு என்னமோ சொல்லுதுல்ல? அது வெளங்கல. எத்தன தடவ கேட்டாலும் வெளங்கல."

"ஆமா."

"கனகாகிட்டயே கேட்டேன். சொல்ல மாட்டேங்குது சார். நேருல வந்தாச் சொல்றேங்குது. நீங்க அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துவிட்டுப் பேச்சக் குடுக்க முடியுமா? ஒங்களுக்குத்தே இதெல்லாம் தெரியுமே."

வாயில் தோசை. எதிரே ஷியாமளா. ஒரே சீராக ஓடுகிற கிரைண்டர் சத்தம். இதைவிடச் சுலபமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. இத்தனை வருடத்தில் யார் எந்தப் பிழையைக் கொண்டுவந்தாலும் முடியாது என்று நான் சொன்னதே கிடையாது. கதவைத் தவிர எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறவன்.

"முடியாது கார்மேகம்" என்றேன். "அதை எடுக்கவே முடியாது."

"அப்பிடியா சார்?"

"எடுக்க வழியே இல்லை."

நான் எதிர்பார்த்தது கொஞ்சம் வாதாடுவார் என்று. ஒரு மாதம் தலைகீழாக நின்று அவர் வீடியோவைச் சரிசெய்த ஆள் நான். அவர் உடனே நம்பிவிட்டார்.

"பரவால்ல விடுங்க சார். ஒங்களால முடிஞ்சத நீங்க பண்ணுனீக." லாரிச் சத்தம். "அப்ப போயித்தே கேக்கணும். ஆபீசுல சொல்லிட்டேன் சார், போடலன்னு. காலையிலயே சொல்லிட்டேன். பதினஞ்சாம் தேதி மதுரைக்கு டிக்கெட்டு."

போனை வைத்ததும் ஷியாமளா கேட்டாள்: "நிஜமாவே உங்களால முடியாதா?"

"அரை மணி நேர வேலை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கதவை இல்லை, என்னைத்தான்.

சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, என்னிடம் இருந்த பிரதியையும் அழித்தேன். கிரைண்டரை விலக்கி அந்த இடத்தை நான் கேட்டுப் பார்க்கவில்லை.